மெத்தை வீடும் வேப்ப நிழலும்

கத்திரி வெயில் நாளில், மதியம் இரண்டு மணிக்கு, திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகும் சாலையில் கீழ்பென்னாத்தூரைச் சுற்றியுள்ள ஏதாவது ஒரு கிராமத்துத் தெருவுக்குள் நுழைந்து பாருங்கள். அரசுத் திட்டத்தில் கட்டிய கான்கிரீட் வீடுகள் வரிசையாக நிற்கும். திட்டத்தின் பெயரும் ஆண்டும் முன்சுவரில் எழுதியிருக்கும். கதவு திறந்தே கிடக்கும். உள்ளே ஆள் இருக்காது. எதிரே வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு வீட்டுப் பெரியவர்கள் படுத்திருப்பார்கள். மரம் இல்லாத வீட்டில் தளத்தை ஒட்டிக் கீற்றால் ஒரு சாய்ப்பு இறக்கியிருப்பார்கள். குடிசையை ஒழிக்கக் கட்டிய வீட்டின் வாசலிலேயே குடிசையின் ஒரு துண்டு மிச்சமிருக்கும்.

பொழுது சாய்ந்ததும் மாடியில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். ஊற்றிய வேகத்தில் தளம் காய்ந்துவிடும். நாலைந்து அங்குல கான்கிரீட் பகலெல்லாம் குடித்த வெயிலை இரவு வெகுநேரம் வரை வீட்டுக்குள் கக்கிக்கொண்டே இருக்கும். மின்விசிறி அந்த அனலையே சுற்றிச் சுற்றி வீசும். நடு இரவு தாண்டினால்தான் குழந்தைகள் கண் அயரும்.

இதைச் சொன்னதும், ‘அப்படியானால் கூரை வீடே மேல் என்கிறீர்களா?’ என்று கேட்பவர்கள் உண்டு. இல்லவே இல்லை. ஒரு தீப்பொறியில் சாம்பலாவது கூரை வீடுதான். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையேறி, திருவண்ணாமலை மலைச்சரிவில் மண் சரிந்து ஏழு உயிர்களைக் கொண்டுபோன அந்த மழையில், குடிசைக்குள் இருந்தவர்கள் பட்ட பாடு இந்தப் பகுதிக்குத் தெரியும். அதோடு, வடாற்காட்டில் ‘மெத்தை வீட்டுக்காரர்’ என்பது ஒரு காலத்தில் ஊர்ப் பெரிய மனிதருக்கு மட்டுமே உரிய பெயர். தலைக்கு மேல் தளம் போட்ட வீடு என்பது ஏழைக் குடும்பத்துக்கு மானத்தின் அடையாளம். அதை எவரும் குறைத்துப் பேச முடியாது. நம் கேள்வி வேறு: பொதுப் பணத்தில் கட்டும் வீடு மழைக்கும் தீக்கும் தாங்குவதைப் போல வெயிலுக்கும் தாங்க வேண்டாமா?

சுவரில் ஒட்டிய பசுமை

இந்தக் கேள்வி புதிதல்ல. 2010இல் கலைஞர் வீட்டு வசதித் திட்டம் 21 லட்சம் குடிசைகளை ஆறு ஆண்டுகளில் கான்கிரீட் வீடுகளாக்க இலக்கு வைத்தது. வீட்டுக்கு 60,000 ரூபாய் என்று தொடங்கிப் பிறகு 75,000 ஆக்கியது. 2011இல் ஆட்சி மாறியதும் முதலமைச்சரின் சூரிய ஒளியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம் வந்தது. ஆண்டுக்கு 60,000 வீடு, வீட்டுக்கு 300 சதுர அடி, செலவு 1.80 லட்சம் ரூபாய். அதில் ஒன்றரை லட்சம் கட்டடத்துக்கு, 30,000 சூரிய விளக்குகளுக்கு. ஐந்து விளக்குகளும் மழைநீர் சேகரிப்பும் உண்டு. ஏழை வீட்டையும் பசுமைத் தரத்தையும் ஒரே திட்டத்துக்குள் கொண்டுவந்த அந்த எண்ணத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் அந்தப் பசுமை எங்கே வைக்கப்பட்டது என்று பாருங்கள். மாடியில் ஒரு சூரிய ஒளித் தகடு, உள்ளே ஒரு பாட்டரி, ஐந்து விளக்கு. சுவரும் தளமும் ஜன்னலும் எப்போதும் போலவே கட்டப்பட்டன. பாட்டரியின் ஆயுள் சில ஆண்டுகள்; தளத்தின் ஆயுள் ஒரு தலைமுறை. சில ஆண்டில் தீர்ந்துபோகும் பொருளில் பசுமையை வைத்தோம். ஒரு தலைமுறைக்கு நிற்கும் பொருளை வெயிலிடம் விட்டுவிட்டோம். வீட்டுக்குப் பசுமை என்பது மேலே ஒட்டும் பொருளல்ல, கட்டும்போதே உள்ளே வைக்க வேண்டியது என்பதுதான் அந்தத் திட்டம் நமக்கு விட்டுச் சென்ற பாடம்.

இப்போது கலைஞரின் கனவு இல்லம் திட்டம் நடக்கிறது. 2024–25 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தபடி, 2030க்குள் ஊரகப் பகுதிகளில் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள்; முதல் கட்டமாக ஒரு லட்சம் வீடுகள், வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய். குறைந்தது 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்கு கான்கிரீட் தளம். கீற்றும் ஆஸ்பெஸ்டாஸும் கூடாது. எட்டு லட்சம் தளங்கள் என்பது சிறிய எண்ணிக்கை அல்ல. இவை எப்படி முடிக்கப்படுகின்றன என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த முப்பது நாற்பது ஆண்டுகளுக்குத் தமிழகக் கிராமங்களின் கோடை இரவு அமையும்.

விதி யாருக்கு, வெயில் யாருக்கு?

குடியிருப்புகளுக்கென ஒன்றிய அரசு 2018 டிசம்பரில் ஒரு எரிசக்தி விதித் தொகுப்பு கொண்டுவந்தது. ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்று பெயர். கூரை வழியாக எவ்வளவு வெப்பம் இறங்கலாம் என்று அதில் ஓர் உச்ச அளவு உண்டு. வெறும் கான்கிரீட் தளத்தில் இறங்கும் வெப்பம் அந்த உச்ச அளவைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. ஜன்னலுக்கும் அளவு உண்டு: வெப்பமும் ஈரமும் கலந்த பகுதியில் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். 360 சதுர அடிக்கு 60 சதுர அடி. மூன்றுக்கு நான்கு அடி ஜன்னல் என்றால் குறைந்தது ஐந்து. நம் தெருவில் கட்டி முடித்த ஒரு வீட்டின் முன் நின்று எண்ணிப் பார்க்கலாம்.

ஆனால் 2018இல் வந்த அந்த விதி பொருந்தியது 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்குத்தான். ஒரு சென்ட், இரண்டு சென்ட் மனையில் கட்டும் வீட்டுக்கு அது எட்டாது. குளிர்சாதனம் வாங்க வசதி உள்ளவர் வீட்டுக்கு விதி இருக்கிறது. மின்விசிறி ஒன்றே கதி என்றிருப்பவர் வீட்டுக்கு இல்லை.

சரி, அந்த விதியை அப்படியே ஏழை வீட்டுக்கும் நீட்டிவிடலாமா? அங்கேதான் எதிர்த்தரப்பின் நியாயத்தையும் கேட்க வேண்டும். வீடு கட்டுகிறவர்களிடம் பேசினால் தெரியும், மூன்றரை லட்சத்தில் வீடு முடிவதே பெரும்பாடு. எம்-சாண்ட், கம்பி, கொத்தனார் கூலி எல்லாம் ஏறிக்கொண்டே போகின்றன. பணமோ அஸ்திவாரம், லிண்டல், தளம் என்று கட்டம் கட்டமாகத்தான் வரும். ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவில் தாலிக்கொடி அடகுக்குப் போகும். குழுக் கடன் ஏறும். இந்த நிலையில் பணம் இல்லாமல் விதியை மட்டும் கூட்டினால், பசுமைக்கான செலவைப் பயனாளியின் கடன் புத்தகத்தில் எழுதுகிறோம் என்றே பொருள். ‘முதலில் எல்லோருக்கும் கூரை, பிறகு குளிர்ச்சி’ என்று சொல்லும் அதிகாரியின் கவலை வெறும் சாக்கு அல்ல. ஒரு வீட்டுக்குச் செலவு கூடினால், அதே நிதியில் இன்னொரு குடும்பம் அடுத்த ஆண்டுக்குத் தள்ளப்படும்.

இன்னொன்றும் உண்டு. எரிசக்தித் தரம் பேசுபவர்கள் வழக்கமாகச் சொல்வது ‘கரண்ட் பில் மிச்சமாகும்’ என்பது. தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இரண்டு விளக்கும் ஒரு விசிறியும் ஓடும் வீட்டில் மிச்சப்படுத்தப் பெரிதாகப் பில்லே இல்லை. பெரிய வீட்டில் பசுமையின் பலன் யூனிட்டில் தெரியும். இந்த வீட்டில் அது தூக்கத்தில் தெரியும். மறுநாள் கரும்பு வெட்டவும் களை எடுக்கவும் போகிறவரின் உடம்பில் தெரியும். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. வெப்பத்தால் செத்தால் பணம் தரும் அரசு, வெப்பம் இறங்காத வீட்டுக்குச் சில ஆயிரம் சேர்த்துத் தருவது கணக்குப்படியும் நியாயம்தான்.

மக்களைக் கேட்காமல் வந்த தரம்

தரத்தை மேலிருந்து இறக்கினால் என்ன ஆகும் என்பதற்கு யாழ்ப்பாணப் பக்கம் ஓர் அனுபவம் இருக்கிறது. போருக்குப் பிறகு இலங்கையின் வடக்கு, கிழக்குக்கு 65,000 இரும்பு ‘பொருத்து வீடு’களைக் கொண்டுவர 2016 வாக்கில் கொழும்பு அரசு முனைந்தது. வேகமாக முடியும் என்பது அதன் வாதம். எங்கள் வெயிலுக்கு இரும்பு ஆகாது, கல்வீடு கட்ட அதைவிடக் குறைந்த செலவே ஆகும், உள்ளூர் மேசனுக்கும் வேலை கிடைக்கும் என்று அங்குள்ள தமிழர் தரப்பு எதிர்த்தது. கடைசியில் அந்த யோசனை கைவிடப்பட்டது. வீட்டின் வெக்கையை அதில் படுக்கப் போகிறவரைவிட நன்றாக அறிந்த நிபுணர் கிடையாது.

வேகமாகக் கட்டும் வழி நம் பக்கத்திலும் உண்டு. சென்னை பெரும்பாக்கத்தில் 2022இல் திறக்கப்பட்ட 1,152 வீடுகள், தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பாகங்களைக் கொண்டுவந்து பூட்டிக் கட்டியவை. அடுக்குமாடிக்கு அது பொருந்தலாம். தனித்தனி மனையில், சொந்தமாகக் கொத்தனார் பிடித்துக் கட்டும் கீழ்பென்னாத்தூர் வட்டாரத்துக்கு அந்த வழி உதவாது. இங்கே தரம் என்பது கொத்தனார் கையில் நடக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

அப்படிப்பட்டவை நான்கு இருக்கின்றன. ஒன்று, மாடிக்கு வெள்ளை. சாம்பல் நிறத் தளம் வெயிலில் பாதிக்கு மேல் உறிஞ்சும். புதிதாக அடித்த வெள்ளை பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். சுண்ணாம்பும் கொஞ்சம் பசையும் போதும். 300 சதுர அடிக்கு ஆகும் செலவு கொத்தனாரின் சில நாள் கூலிக்குள் அடங்கும். அகமதாபாத் தன் வெப்பச் செயல்திட்டத்தில் இதைச் சேர்த்துக்கொண்டது. தெலங்கானா 2023இல் குளிர்கூரைக்கெனத் தனிக் கொள்கையே வெளியிட்டது. இரண்டு, எதிரெதிர் ஜன்னல். தளத்துக்குக் கீழே சிமென்ட் ஜாலி வைத்த வென்டிலேட்டர். மேலே தேங்கும் அனல் வெளியே போக அது ஒன்றுதான் வழி. திருட்டுக்கும் கொசுவுக்கும் பயந்து ஜன்னலைச் சாத்தினாலும் ஜாலி சாத்தப்படாது. மூன்று, மேற்குச் சுவருக்குச் சன்ஷேடு; முடிந்தால் அந்தப் பக்கத்தில் குளியலறையோ சமையலறையோ வரும்படி அமைப்பது. நான்கு, மேற்கே ஒரு மரம். வேம்போ புங்கனோ வீட்டோடு சேர்ந்து வளர்ந்தால் ஐந்தாறு ஆண்டில் சுவரை மூடும்.

இவை போக, விரும்புகிறவர்களுக்கு மாற்று வழிகளும் திறந்திருக்க வேண்டும். கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் ஓடுகளை உள்ளே வைத்து வார்த்த தளம், சிமென்டையும் மிச்சப்படுத்தும், வெக்கையையும் குறைக்கும். இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்குள் உள்ள ஆரோவில்லில், சூளையில் சுடாத, அழுத்திச் செய்த மண் கல்லில் பல ஆண்டுகளாகக் கட்டடம் கட்டுகிறார்கள், சொல்லியும் கொடுக்கிறார்கள். ஆனால் எஸ்டிமேட்டில் இடமில்லாத பொருளுக்கு ஓவர்சியர் பில் போட முடியாது. கைப்பழக்கம் இல்லாத வேலையைக் கொத்தனாரும் தொடமாட்டார்.

ஆளுக்கொரு பங்கு

ஆகவே பழியை ஒருவர் தலையில் போடுவதில் பயனில்லை. வேலையைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். அரசின் பங்கு பணமும் எஸ்டிமேட்டும். மாடி வெள்ளை, ஜாலி, சன்ஷேடு மூன்றையும் மதிப்பீட்டில் தனி வரியாகச் சேர்த்து, அதற்கான தொகையை மூன்றரை லட்சத்துக்கு மேல் தர வேண்டும். கடைசித் தவணையை அந்த வேலை முடிந்ததும் விடுவிக்கலாம். பேரூராட்சிக்குள் இருப்பவருக்கு ஒரு திட்டம், நாலு வயல் தள்ளி ஊராட்சியில் இருப்பவருக்கு வேறு திட்டம் என்று தொகை மாறலாம்; வெயில் மாறாது. எனவே இரண்டுக்கும் ஒரே குறைந்தபட்ச அளவு வேண்டும்.

ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தின் பங்கு, மனையில் கயிறு கட்டும் நாளிலேயே ஓவர்சியர் வந்து மேற்கு எது, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துச் சொல்வது. தளம் போட்ட பிறகு சொல்லிப் பயனில்லை. கொத்தனார்களுக்குக் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் வழியாகச் சில நாள் பயிற்சி, அந்த நாட்களுக்குக் கூலியோடு. பக்கத்துப் பொறியியல் கல்லூரி, பாலிடெக்னிக் மாணவர்கள் வெள்ளை அடித்த வீடு பத்து, அடிக்காத வீடு பத்து எடுத்து ஒரு கோடை முழுக்க வெப்பமானி வைத்து அளந்து சொல்லட்டும். கீழ்பென்னாத்தூரின் கணக்கைக் கீழ்பென்னாத்தூரிலேயே எடுத்தால் அதை மறுக்க ஆளிருக்காது. அந்தக் கணக்கை மே 1 கிராமசபையில், வெயில் உச்சத்தில் இருக்கும்போதே படிக்கட்டும்.

பயனாளியின் பங்கும் சிறிதல்ல. மரத்துக்குத் தண்ணீர் ஊற்ற அரசு வராது. வெள்ளைப் பூச்சு மழையிலும் தூசியிலும் மங்கும். ஆண்டுக்கொரு முறை புதுப்பித்தால்தான் வேலை செய்யும். ‘கொடுத்தது அரசு, பார்த்துக்கொள்ளட்டும்’ என்று விட்டால் பாட்டரிக்கு நேர்ந்ததுதான் சுண்ணாம்புக்கும் நேரும்.

அதற்கு நாம் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. பொங்கல் வந்தால் சுண்ணாம்பு கரைத்து, மட்டையைத் தட்டி எடுத்து, சுவரெல்லாம் வெள்ளை அடிக்கும் ஊர்கள் இவை. தை பிறந்து மூன்றரை மாதத்தில் கத்திரி தொடங்கிவிடும். வரும் போகிக்கு வாளியில் மிச்சமிருக்கும் சுண்ணாம்பைக் கொட்டிவிடாமல், மட்டையோடு ஒருமுறை மாடி ஏறுங்கள். அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டாம்.