வெள்ளம் வருமுன் அணை

1941 டிசம்பர் 7-ல் பேர்ல் துறைமுகத்தில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. 2,400 பேருக்கு மேல் மாண்டனர். “அமெரிக்கா முன்கூட்டியே தயாராகியிருந்தால்?” என்று இன்றும் சிலர் கணக்குப் போடுகிறார்கள். குவாம் தீவின் துறைமுகத்தைச் சீராக்கப் பணம் தர 1939-ல் அமெரிக்கக் காங்கிரஸ் மறுத்தது. பெருங்கடற்படைச் சட்டம் 1940 ஜூலையில்தான் வந்தது. இவை முந்தியிருந்தால் போரின் போக்கே மாறியிருக்கும் என்பது அவர்கள் வாதம்.

கப்பலும் பீரங்கியும் வீண் என்று நாம் சொல்லவில்லை. நாம் கேட்பது வேறு: ஜப்பானின் கப்பல் யார் எண்ணெயில் ஓடியது? அதன் குண்டு யார் இரும்பில் வார்க்கப்பட்டது?

1937 ஜூலையில் ஜப்பான் சீனாவின்மீது பாய்ந்தது. டிசம்பரில் நான்கிங் நகரம் ரத்தத்தில் மிதந்தது. அப்போதும் அமெரிக்கக் கம்பெனிகள் ஜப்பானுக்குப் பழைய இரும்பும் எண்ணெயும் விற்றன. இரும்புக்குத் தடை வந்தது 1940 அக்டோபரில். எண்ணெய் நின்றது 1941 ஆகஸ்டில். அதுவரை லாபம், லாபம், லாபம்!

தடையை முன்பே போட்டிருந்தால் போரும் முன்பே வந்திருக்கும் என்பார்கள். வந்திருக்கலாம். ஆனால் எண்ணெய் சேர்த்து வைக்காத, சீனாவில் சிக்கித் திணறும் ஜப்பானுடனல்லவா வந்திருக்கும்!

இதை உணர்ந்தவர் அன்றே இருந்தனர். 1938 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் போர்ட் கெம்ப்ளா துறைமுகத் தொழிலாளர், ஜப்பானுக்குப் போகும் இரும்பை ஏற்றமாட்டோம் என்று கைகட்டி நின்றனர். சர்க்கார் மிரட்டியது; வீட்டில் அடுப்பு அணைந்தது; பத்து வாரம் தாக்குப்பிடித்தனர். டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில், ஜப்பானுக்குப் பழைய இரும்பு ஏற்ற வந்த கப்பலைச் சீன மக்கள் மறித்தனர். துறைமுகத் தொழிலாளர் அந்த மறியலைத் தாண்டவில்லை. அந்தச் சரக்குகள் பின்னால் போய்ச் சேர்ந்திருக்கலாம். ஆனால் சர்க்கார்களுக்கு 1940-ல் பிறந்த புத்தி மூட்டை தூக்கியவனுக்கு 1938-லேயே இருந்தது.

தாமதத்தின் விலையை யார் கொடுத்தார்கள்? கம்பெனி டைரக்டர்களா? ஜப்பான் மலேயாவைப் பிடித்தது. ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிய நம் தமிழ்த் தொழிலாளரைப் பல்லாயிரக்கணக்கில் சயாம்–பர்மா ரயில் பாதைக்கு ஓட்டிச் சென்றது. காலராவிலும் பட்டினியிலும் விழுந்தவர்களுக்குக் கல்லறைகூட இல்லை.

முன்கூட்டிய தயாரிப்பு என்பது பீரங்கி வார்ப்பதில் தொடங்குவதில்லை. ஆக்கிரமிப்பாளனுக்கு இரும்பு கொடுக்க மறுப்பதில் தொடங்குகிறது. அந்த அணையைக் கட்ட முதலில் கை நீட்டியவன் தொழிலாளி. அவனோடு சர்க்கார்களும் கை சேர்த்திருந்தால், சயாம் காட்டில் எத்தனை தமிழ் உயிர் மிஞ்சியிருக்கும்!