கேட்டால்தான் மருந்தா?

மும்பை மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கு,



சிசேரியன் முடிந்த மறுநாளே தாய் எழுந்து உட்கார வேண்டும், நடக்க வேண்டும், பிள்ளையைத் தூக்கிப் பால் கொடுக்க வேண்டும். தையல் சுள்ளென்று இழுக்கும்போது இருமுவதற்கே பயமாயிருக்கும், நடப்பது எங்கே? படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து கூடும்.

தாராவியிலும் சீட்டா கேம்ப்பிலும் வாழும் எங்கள் தமிழ்ப் பெண்கள் வாய்விட்டு மருந்து கேட்பது அபூர்வம். "பிள்ளை பெத்தா வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்க" என்று கேட்டே வளர்ந்தவர்கள். திருநெல்வேலிப் பக்கமிருந்து கல்யாணமாகி வந்தவளுக்கு இந்தியும் மராத்தியும் பிடிபட நாளாகும். மாநகராட்சி மருத்துவமனையில் இரவில் சிஸ்டருக்கோ பார்க்க வேண்டிய கட்டில்கள் ஏராளம். 'வலித்தால் கொடுக்கவும்' என்று சீட்டில் எழுதிவிட்டால், வாய் திறந்தவளுக்கு ஊசி கிடைக்கும். மற்றவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பாள். சிஸ்டர்கள் மேல் எங்களுக்குக் குறை இல்லை. அந்தச் சீட்டை மாற்றச் சொல்லித்தான் எழுதுகிறோம்.

பாராசிட்டமாலையும், அதோடு இபுப்ரோஃபன் அல்லது டைக்ளோஃபினாக்கையும், வலி ஏறும்வரை காத்திராமல் மணிக்கணக்குப்படி கொடுப்பது. அதற்கும் அடங்காவிட்டால் மட்டும் வலுவான மருந்து. உலகம் முழுக்க ஏற்கப்பட்ட முறை இதுதான். சிறுநீரகக் கோளாறோ வயிற்றுப்புண்ணோ உள்ளவர்களுக்கு மருத்துவர் மாற்றி எழுதுவார். ஆபரேஷனுக்கு மரத்துப்போக முதுகில் போடும் ஊசியிலேயே 50 முதல் 100 மைக்ரோகிராம் மார்ஃபின் சேர்த்தால் முதல் நாளின் பெரும்பகுதி நிம்மதியாகக் கழியும். அரிப்பு வரலாம், மூச்சைக் கவனித்துவர வேண்டும். போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்த 1985 முதல் மருத்துவமனைகள் மார்ஃபின் வாங்குவது பெரும்பாடாக இருந்தது. 2014ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த முடிச்சைத் தளர்த்தியிருக்கிறது.

பொறுத்துக்கொண்டால் போய்விடும் வலியும் அல்ல இது. பிரசவத்தையொட்டிக் கடும் வலி பட்டவர்களுக்கு எட்டு வாரம் கழித்தும் வலி நீடிக்கும் வாய்ப்பு இரண்டரை மடங்கு, மனச்சோர்வு வரும் வாய்ப்பு மூன்று மடங்கு என்று 2008இல் வெளியான ஆய்வு ஒன்று கண்டது.

இந்தியாவின் முதல் தாய்ப்பால் வங்கியை மருத்துவர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் 1989இல் தொடங்கியது மாநகராட்சியின் சயன் மருத்துவமனையில்தான். பச்சிளம் பிள்ளையின் பாலுக்கு அத்தனை அக்கறை காட்டிய நிர்வாகத்திடம், பால் கொடுக்கும் தாயின் வலிக்காக உரிமையோடு கேட்கிறோம்.

நாடித்துடிப்பும் காய்ச்சலும் குறிக்கும் அதே தாளில் வலியையும் 0 முதல் 10 வரை எண்ணிட்டுக் குறிக்கச் சொல்லுங்கள். கர்ப்பப்பை ஆபரேஷன், குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கும் அப்படியே. முகப்படங்கள் போட்ட அட்டை ஒன்று தமிழிலும் இருக்கட்டும். மொழி பிடிபடாத பெண்ணும் விரலை வைத்துக் காட்டிவிடுவாள்.

வீடு திரும்பியதும் அவள் செங்குத்தான இரும்பு ஏணியில் மாடியறைக்கு ஏற வேண்டும், பொதுக் கழிப்பறையில் குந்தி எழ வேண்டும். ஆகவே டிஸ்சார்ஜ் ஆகும்போதே சில நாளுக்கான மாத்திரைகளைக் கையில் கொடுத்தனுப்புங்கள். வலி மாத்திரை பாலைக் கெடுக்கும் என்று பயந்து விழுங்காமல் விடுகிறவர்கள் உண்டு. பாராசிட்டமாலும் இபுப்ரோஃபனும் பால் கொடுப்பவர்கள் சாப்பிடலாம். கோடீனையும் ட்ரமடாலையும் தவிர்க்கும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் எச்சரித்திருக்கிறது. இவற்றையும், தையல் சிவந்தாலோ சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே திரும்பி வர வேண்டும் என்பதையும் தமிழில் ஒரு பக்கத்தில் அச்சிட்டுத் தாருங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாய்விட்டுச் சொல்ல, வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளர்களிடமும் அதில் ஒரு பிரதி இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஆசிரியர்