ஊருக்குக் கிளம்புமுன் பேச்சுக்கு ஒரு வழி

மகளின் பிரசவத்துக்கென்று வெளிநாடு கிளம்பும் அம்மாக்கள் இப்போது நம் பக்கத்தில் எத்தனையோ பேர். பூதலூரில் ரயில் ஏறினால் திருச்சி, அங்கே விமானம் ஏறினால் துபாய், சிங்கப்பூர் என்று ஆகிவிட்டது. லேகியம், சுக்குப் பொடி, வசம்பு, பழைய வேட்டித் துணி என்று நினைத்து நினைத்துப் பெட்டியில் அடுக்குகிறோம். (துபாய் போகிறவர்கள் கசகசாவை மறந்தும் வைக்காதீர்கள். அங்கே அதற்குத் தடை.) போய்ச் சேர்ந்த பிறகு வீட்டோடு எப்படிப் பேசுவது என்பதை மட்டும் யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை. "அதான் வாட்ஸ்அப் இருக்கே!" என்று இருந்துவிட்டேன்.

துபாயில் இறங்கி மகள் வீட்டில் காலை வைத்ததும் தங்கைக்கு வாட்ஸ்அப்பில் போன் போட்டேன். கிடைக்கவே இல்லை. மகள் சிரிக்கிறாள். "அம்மா, இங்கே அதிலே எழுதலாம், படம் அனுப்பலாம், குரலைப் பதிஞ்சும் அனுப்பலாம். கூப்பிட்டுப் பேசத்தான் முடியாது" என்றாள். ஐக்கிய அரபு அமீரகத்தில் அரசு அனுமதித்த சேவைகளின் வழியாகத்தான் இணையத்தில் பேசலாமாம். இதைக் கிளம்புமுன் கேட்டுக்கொள்ளாதது என் தப்பு.

இன்னொரு தப்பும் செய்தேன். வீட்டில் இருந்த ஒரே பெரிய போனை நான் எடுத்து வந்துவிட்டேன். இவரிடம் இருப்பது பட்டன் போன். அத்தைக்கோ (மாமியாரைத்தான் சொல்கிறேன்) எழுத்தே படிக்க வராது. நம்ம ஊர் சிம்மை அப்படியே போட்டிருந்தேனா, "குழந்தை பிறந்தாச்சா?" என்று ஆளாளுக்குக் கூப்பிட்டார்கள். வெளிநாட்டில் இருக்கும்போது வரும் அழைப்பை எடுத்தாலும் நமக்குத்தான் காசு. போட்ட பணம் இரண்டே நாளில் காலி!

முன்பு எஸ்.டி.டி. பூத்துக் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்றுகொண்டு, மீட்டரில் ஓடும் சிவப்பு எண்களைப் பார்த்தபடியே சவூதிக்குப் பேசியவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் புரியும். இணையம் வழியே வெளிநாட்டுக்குப் பேச நம் நாட்டில் அனுமதி வந்தது 2002 ஏப்ரலில்தான்.

இணையத்தில் பேசினால் ஏன் செலவு குறைவு என்று மருமகனிடம் கேட்டேன். சாதாரண அழைப்பு இரண்டு நாட்டுத் தொலைபேசிக் கம்பெனிகளின் கை மாறிப் போகிறது. நிமிஷத்துக்கு இவ்வளவு என்று அவர்கள் வாங்குகிறார்கள். இணையத்திலோ நம் குரல் துண்டு துண்டாகி, கடிதமும் படமும் போகிற அதே வழியில் போகிறது. தூரத்துக்கென்று தனிக் காசு கிடையாது. குரல் மட்டும் என்றால் நிமிஷத்துக்கு ஏறக்குறைய அரை எம்.பி.யிலிருந்து ஒரு எம்.பி. செலவாகும். முகம் பார்த்துப் பேசினால் பல மடங்கு. ஆனால் இரண்டு பக்கமும் இணையமும் ஒரே ஆப்பும் வேண்டும். இங்கிருந்து பட்டன் போனுக்கோ வீட்டுத் தொலைபேசிக்கோ பேசுவதானால் அதற்குக் கட்டணம் உண்டு. அப்படிப் பேச ரொம்பப் பேர் நம்பியிருந்த ஸ்கைப்பும் 2025 மே 5-ஆம் தேதியோடு மூடப்பட்டுவிட்டது.

கடைசியில் கை கொடுத்தது பக்கத்து வீட்டுப் பெண். துபாயில் அனுமதி உள்ள போட்டிம் என்ற ஆப்பைத் தன் போனில் போட்டுக்கொண்டு, தினமும் சாயங்காலம் அத்தையிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். துபாயில் ஆறு மணி என்றால் நமக்கு ஏழரை. அத்தை விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்திருக்கும் நேரம்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, அத்தை எழுந்து போகையில் ஒரு காலை ஊன்றாமல் நடந்தது தெரிந்தது. "காலைக் கொஞ்சம் காட்டுங்க அத்தை" என்றேன்.

"ஒண்ணுமில்லம்மா, வரப்புல ஏதோ கீறிடுச்சு. வலியே இல்ல."

வலி இல்லை என்றதும்தான் எனக்குப் பயம் வந்தது. பதினைந்து வருஷமாய்ச் சர்க்கரை. நரம்பு மரத்துப்போன காலில் புண் வந்தால் வலிக்காது, அதுதான் ஆபத்து. அந்தப் பெண் போனைக் கீழே காட்டினாள். பாதம் வீங்கி, சுண்டுவிரல் ஓரம் கறுத்துக் கிடந்தது. மறுநாள் காலை முதல் வேலையாக இவர் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனார். விரலை எடுக்காமல் மருந்தாலேயே ஆறிவிட்டது. "இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால்..." என்று டாக்டர் மேலே சொல்லவில்லையாம். எழுதி அனுப்பும் செய்தியில் இது தெரிந்திருக்குமா, சொல்லுங்கள்.

போகிற சகோதரிகள் இந்த வேலையைக் கிளம்ப ஒரு மாதம் முன்பே ஆரம்பியுங்கள். போகும் நாட்டில் எந்த ஆப்பில் பேசலாம், அதற்கு அங்கே தனியாகத் திட்டம் வாங்க வேண்டுமா என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். சிங்கப்பூரில் வாட்ஸ்அப் அழைப்புக்குத் தடையில்லை. வீட்டிலிருக்கும் பெரியவர்களுக்கு, பச்சைப் பொத்தானைத் தொட்டு எடுப்பதை மட்டுமாவது தினம் ஒருதரம் பழக்குங்கள். போனில் உள்ள எண்களுக்கெல்லாம் முன்னால் கூட்டல் குறியும் 91-ம் சேருங்கள். தஞ்சாவூர் வீட்டுத் தொலைபேசியானால் 04362-இன் முதல் பூஜ்யம் போய்விடும். விமானம் ஏறுமுன் 'டேட்டா ரோமிங்'கை அணைத்துவிடுங்கள். அங்கே புது சிம் போட்டதும், வாட்ஸ்அப் எண்ணை மாற்றவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், பழைய எண்ணிலேயே அது ஓடும்.

"வி.பி.என். போட்டால் துபாயிலும் வாட்ஸ்அப்பில் பேசலாம்" என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். குற்றம் செய்யவோ அதை மறைக்கவோ இணைய முகவரியை மாற்றிக் காட்டினால், அங்கே 2021-இல் வந்த சட்டப்படி அபராதம் 5 லட்சம் திர்ஹத்திலிருந்து 20 லட்சம் வரை. அஞ்சு நிமிஷப் பேச்சுக்கு இந்த வம்பு எதற்கு?

நான் ஊர் திரும்பி மூன்று மாதம் ஆகிறது. இப்போது அத்தையே போனை எடுத்துப் பேத்தியோடு பேசுகிறார். என்ன, முகம் பார்த்துப் பேசும் போனையும் காதோடு ஒட்டி வைத்துக்கொள்கிறார். அங்கே குழந்தைக்குத் தெரிவதெல்லாம் கொள்ளுப்பாட்டியின் தோடு மட்டும்தான்!