விரைவுப் பாதை யாருக்கு?

சிங்கப்பூரையும் ஜோகூர் பாருவையும் இணைக்கும் கடற்பாலத்தின் நீளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான். நடந்து சென்றாலே கால் மணி நேரத்தில் கடந்துவிடலாம். ஆனால், பள்ளி விடுமுறையும் பொது விடுமுறையும் சேர்ந்து வரும் நாள்களில், காரில் எல்லையைக் கடக்க மூன்று மணி நேரம் வரைகூட ஆகிவிடுகிறது. 1924ஆம் ஆண்டு அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட இப்பாலத்தின் நீளம் மாறவில்லை. அதைக் கடப்போரின் எண்ணிக்கைதான் பெருகிவிட்டது. துவாஸில் 1998ஆம் ஆண்டு இரண்டாவது பாலம் திறக்கப்பட்ட பிறகும் நெரிசல் நீங்கவில்லை. உட்லண்ட்ஸ், துவாஸ் ஆகிய இரு சோதனைச்சாவடிகள் வழியாக இன்று நாள்தோறும் 300,000க்கும் மேற்பட்டோர் பயணம் செய்கின்றனர்.

இவர்கள் அனைவரும் உல்லாசப் பயணிகள் அல்லர். விடிவதற்கு முன்பே எழுந்து மோட்டார்சைக்கிளிலும் பேருந்திலும் வேலைக்கு வரும் ஊழியர்கள் இவர்களுள் ஏராளம். ஜோகூரில் குடியிருந்துகொண்டு சிங்கப்பூரில் பயிலும் மாணவர்களும் இருக்கின்றனர். உறவினரைப் பார்க்கச் செல்லும் முதியோரும் உள்ளனர். சுற்றுலாப் பயணி ஒருவருக்கு எல்லையில் ஏற்படும் தாமதம் அன்றைய நாளின் எரிச்சலோடு முடிந்துவிடும். தினமும் எல்லை கடப்பவருக்கோ அது அன்றாடம் இழக்கும் தூக்கம். பிள்ளைகளோடு சேர்ந்து உண்ண முடியாமற்போகும் இரவு உணவு. எனவே, எல்லையை விரைவாகக் கடப்பது எப்படி என்பது வசதி பற்றிய கேள்வி மட்டுமன்று. மக்களின் வாழ்க்கைத் தரத்தைப் பற்றிய கேள்வியும் ஆகும்.

இக்கேள்விக்கு உலக நாடுகள் பல கண்டுள்ள விடைகளுள் ஒன்றுதான் ‘நம்பகமான பயணி’ திட்டம். பயணி தம்மைப் பற்றிய விவரங்களை முன்கூட்டியே அரசாங்கத்திடம் அளிக்கிறார். அதிகாரிகள் அவருடைய பின்னணியை ஆராய்கின்றனர். அவரால் ஆபத்து இல்லை என்று முடிவு செய்தால், எல்லையில் அவர் விரைவுப் பாதையைப் பயன்படுத்த அனுமதிக்கின்றனர். எல்லைக்கு வந்த பிறகு செய்ய வேண்டிய சோதனையின் பெரும்பகுதி, அவர் வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே முடிந்துவிடுகிறது.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, அமெரிக்கா 2008ஆம் ஆண்டு தொடங்கிய ‘குளோபல் என்ட்ரி’ திட்டம். அமெரிக்கர்கள் மட்டுமன்றிச் சிங்கப்பூர் உள்ளிட்ட சில நாடுகளின் குடிமக்களும் இதில் சேர விண்ணப்பிக்கலாம். விண்ணப்பக் கட்டணம் 2024 அக்டோபர் முதல் 120 அமெரிக்க டாலர். பின்னணிச் சோதனை, நேர்காணல், கைவிரல் ரேகைப் பதிவு ஆகியவற்றுக்குப் பிறகே உறுப்பியம் கிடைக்கும். அது ஐந்தாண்டுகள் செல்லும். உறுப்பினர்கள் அமெரிக்க விமான நிலையங்களில் நீண்ட வரிசையில் நிற்காமல், தனி முகப்பில் சில நொடிகளில் தங்கள் அடையாளத்தை உறுதிப்படுத்திவிட்டுச் செல்லலாம்.

இத்தகைய திட்டங்களின் அடிப்படை எளிமையானது. அதிகாரிகளின் எண்ணிக்கையும் அவர்களின் நேரமும் எல்லைக்குட்பட்டவை. எல்லாரையும் ஒரே அளவில் சோதித்தால், ஆபத்தில்லாத பல்லாயிரம் பேருக்காகவே அந்த நேரம் செலவாகிவிடும். நன்கு அறிந்தவர்களை விரைவாக அனுப்பிவிட்டால், அறியாதவர்களையும் ஐயத்திற்குரியவர்களையும் கூர்ந்து கவனிக்க முடியும். ஆகவே, விரைவும் பாதுகாப்பும் ஒன்றுக்கொன்று பகை என்று எண்ண வேண்டியதில்லை. முறையாகத் திட்டமிட்டால் ஒன்று மற்றொன்றுக்குத் துணை நிற்கும்.

ஆயினும், இந்த விரைவுப் பாதை யாருக்கு உரியது? கட்டணம் செலுத்தித் தேர்ச்சி பெற்ற சிலருக்கா, எல்லையைக் கடக்கும் எல்லாருக்குமா? எப்போதாவது விமானத்தில் பறப்பவர்களுக்கு முதல் வகை பொருந்தலாம். ஆனால், நாள்தோறும் மக்கள் கடக்கும் நில எல்லைக்கு இரண்டாவது வகையே ஏற்றது என்பது என் கருத்து. நம் கடற்பாலத்தில் விரைவு என்பது சிலரின் சலுகையாக இல்லாமல், அனைவருக்குமான பொது வசதியாக இருக்க வேண்டும்.

இதற்கு முதற்காரணம், நில எல்லையில் ஒருவரது வேகம் அவருக்கு முன்னால் நிற்பவரின் கையில் இருக்கிறது. 2024 மார்ச் 19ஆம் தேதி முதல், உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச்சாவடிகளில் காரில் வருவோர் கடப்பிதழுக்குப் பதிலாகக் கியூஆர் குறியீட்டைப் பயன்படுத்தலாம். ‘மைஐசிஏ’ செயலியில் கடப்பிதழ் விவரங்களைப் பதிவு செய்தால் குறியீடு கிடைத்துவிடும். ஒரே காரில் வருபவர்கள், பத்துப் பேர் வரை, ஒரே குறியீட்டைப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு கடப்பிதழாக வாங்கிச் சரிபார்க்க வேண்டியதில்லை. அதிகாரி பயணிகளின் முகங்களைப் பார்த்து அடையாளத்தை உறுதி செய்தால் போதும்.

இதனால் நான்கு பேர் உள்ள ஒரு காருக்கு ஏறத்தாழ 20 நொடிகள் மிச்சமாகும் எனக் குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையம் தெரிவித்துள்ளது. “வெறும் 20 நொடிகள்தானா?” என்று சிலர் கேட்கலாம். சிறு துளி பெருவெள்ளம் என்பதை இங்குக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு முகப்பின் முன்னால் 100 கார்கள் நிற்பதாக வைத்துக்கொள்வோம. ஒவ்வொரு காரும் 20 நொடிகளை மிச்சப்படுத்தினால், அவற்றுக்குப் பின்னால் வரும் கார் 2,000 நொடிகள், அதாவது 33 நிமிடங்கள் முன்னதாகவே முகப்பை அடையும். அதே வரிசையில் பத்துக் கார்கள் மட்டுமே குறியீட்டைப் பயன்படுத்தினால், மிச்சமாவது மூன்று நிமிடங்களுக்குச் சற்றே அதிகம். பெரும்பாலோர் குறியீட்டைப் பயன்படுத்தினால் மொத்தக் காத்திருப்பு நேரம் 30 விழுக்காட்டிற்கும் மேல் குறையலாம் என்று ஆணையம் கூறுவதும் இதனால்தான்.

இரண்டாவது காரணம் இடம் தொடர்பானது. விமான நிலையத்தில் சிலருக்கெனத் தனி முகப்பு அமைப்பது எளிது. கடற்பாலத்தின் அகலமோ மாறாதது. அதில் ஒரு தடத்தைச் சிலருக்கு மட்டும் ஒதுக்கினால், மற்றவர்களுக்கு ஒரு தடம் குறைந்துவிடும். கட்டணம் செலுத்த இயன்றவர் விரைந்து செல்வார். தொழிற்சாலைக்குப் பேருந்தில் செல்லும் ஊழியர் இன்னும் நீண்ட வரிசையில் நிற்பார். விரைவு யாருக்கு மிகவும் தேவையோ, அவருக்கே அது எட்டாமற்போகும்.

“கட்டணம் செலுத்தி, நேர்காணலுக்கும் சென்று, பின்னணிச் சோதனைக்கும் உட்பட்டவருக்குக் கூடுதல் சலுகை அளிப்பதில் என்ன தவறு?” என்று சிலர் வாதிடுவர். ஆழமான சோதனைக்குத் தம்மை உட்படுத்திக்கொள்பவரைக் கூடுதலாக நம்பலாம் என்பது உண்மையே. ஆனால், தினமும் ஒரே எல்லையை ஒரே நேரத்தில் கடந்து, ஒரே வேலையிடத்திற்குச் செல்பவரும் நம்பிக்கைக்கு உரியவர்தானே? அவரது பயணப் பதிவுகளே அவருக்குச் சான்று. கியூஆர் குறியீட்டு முறையும் இதை ஒட்டியே அமைந்துள்ளது. சிங்கப்பூருக்கு முதன்முறையாக வரும் வெளிநாட்டவர் கடப்பிதழைக் காட்ட வேண்டும். முன்பே வந்து சென்றவர் அதே கடப்பிதழோடு திரும்பி வந்தால் குறியீடு போதும். இங்கு நம்பிக்கையைப் பெறப் பணம் தேவைப்படவில்லை. முந்தைய பயணமே போதுமானதாக இருக்கிறது.

சாங்கி விமான நிலையமும் இத்திசையில்தான் செல்கிறது. ஒரு காலத்தில் தானியக்கத் தடங்களைச் சிங்கப்பூர்வாசிகளும், தகுதி பெற்றுப் பதிவு செய்துகொண்ட வெளிநாட்டவரும் மட்டுமே பயன்படுத்த முடிந்தது. 2024ஆம் ஆண்டு முதல் வெளிநாட்டுப் பயணிகளும் முன்பதிவு இல்லாமலேயே அவற்றைப் பயன்படுத்துகின்றனர். அதே ஆண்டில், முகத்தையும் கருவிழியையும் கொண்டு அடையாளம் காணும் முறையும் அங்கு நடைமுறைக்கு வந்தது. முன்பு 25 நொடிகள் எடுத்த குடிநுழைவுச் சோதனை இம்முறையில் ஏறத்தாழ 10 நொடிகளில் முடிகிறது. சிலருக்கென இருந்த வசதியைப் பலருக்கும் விரிவுபடுத்த முடியும் என்பதற்கு இதுவே சான்று.

அனைவருக்கும் வசதி வேண்டும் என்று சொன்னால் மட்டும் போதாது. அது நியாயமாகவும் பாதுகாப்பாகவும் அமைய, சில நிபந்தனைகள் நிறைவேற வேண்டும்.

முதலாவதாக, எல்லையின் இரு பக்கமும் சேர்ந்து செயல்பட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் விரைவாக இயங்கினால், நெரிசல் பாலத்தின் மறுமுனைக்கு இடம் மாறும்; குறையாது. அமெரிக்காவும் கனடாவும் நடத்தும் ‘நெக்சஸ்’ திட்டத்தில் இரு நாட்டு அதிகாரிகளும் விண்ணப்பதாரரின் பின்னணியை ஆராய்கின்றனர். இரு நாடுகளும் ஒப்புக்கொண்டால்தான் அவருக்கு அனுமதி கிடைக்கும். அதன்பின் ஒரே அட்டையை எல்லையின் இரு பக்கத்திலும் அவர் பயன்படுத்தலாம். ஜோகூர் பாருவின் புக்கிட் சாகாரையும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் ஆர்டிஎஸ் ரயில் திட்டமும் இத்தகைய ஒத்துழைப்பின் விளைவே. புறப்படும் நிலையத்திலேயே இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனைகளும் முடிந்துவிடும். மறுகரையில் இறங்கியதும் பயணி நேராக வெளியே நடந்து செல்லலாம். ஒரு திசையில் மணிக்கு 10,000 பேர் வரை ஏற்றிச் செல்லும் வகையில் இந்த ரயில் சேவை வடிவமைக்கப்பட்டுள்ளது.

இரண்டாவதாக, பயணிகள் அளிக்கும் விவரங்களைக் கண்போல் காக்க வேண்டும். மறைச்சொல் திருடப்பட்டால் அதை மாற்றிக்கொள்ளலாம். கைவிரல் ரேகையையும் கருவிழியையும் மாற்ற முடியுமா? எனவேதான், விரைவுக்காக நம் உடலின் அடையாளங்களைக் கொடுப்பதா எனச் சிலர் தயங்குகின்றனர். அத்தயக்கத்தைப் பழைமைவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. எந்த விவரம் பெறப்படுகிறது, எதற்காகப் பயன்படுத்தப்படுகிறது, எவ்வளவு காலம் வைத்திருக்கப்படுகிறது என்பவற்றைத் தெளிவாகச் சொல்வது அரசாங்கங்களின் கடமை. பயணியை நம்பும் அரசாங்கம், பயணியும் தன்னை நம்பும்படி நடந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவதாக, திறன்பேசி இல்லாதவரைப் பின்தள்ளிவிடக் கூடாது. செயலியைப் பயன்படுத்தத் தெரியாத முதியவர்கள் இருக்கிறார்கள். பல ஆண்டு உடலுழைப்பால் விரல் ரேகை தேய்ந்து, கருவி அடையாளம் காண முடியாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காக அதிகாரிகள் அமர்ந்திருக்கும் முகப்புகள் தொடர வேண்டும். பெரும்பாலோர் தானியக்கத் தடங்களுக்குச் சென்றால், அதிகாரிகள் இவர்களுக்குப் பொறுமையாக உதவ நேரம் கிடைக்கும். தொழில்நுட்பத்தால் மிச்சமாகும் நேரத்தை இப்படிச் செலவிடுவதே பொருத்தமானது.

இறுதியாக, நம்பிக்கையைக் காப்பாற்றும் பொறுப்பு பயணிகளாகிய நமக்கும் உண்டு. விரைவாக அனுப்பப்படுகிறோம் என்பதைப் பயன்படுத்திக்கொண்டு, தடை செய்யப்பட்ட பொருள்களைக் கடத்துவோரும் இருக்கலாம். அதனால்தான் எந்த நாடும் சோதனையை முற்றாகக் கைவிடுவதில்லை. ‘குளோபல் என்ட்ரி’ உறுப்பினரும் எப்போது வேண்டுமானாலும் சோதிக்கப்படலாம். தெரிவிக்க வேண்டிய உணவுப்பொருளைத் தெரிவிக்காமல் எடுத்துச் சென்றதற்காகக்கூட ஒருவர் தம் உறுப்பியத்தை இழக்க நேரிடும். ஒருவர் செய்யும் தவறு அவரோடு முடிவதும் இல்லை. அத்தவறு சோதனையைக் கடுமையாக்கினால், பின்னால் நிற்கும் ஆயிரம் பேரின் நேரமும் வீணாகிறது.

இதில் மாணவர்களுக்கும் பங்கு உண்டு. குடும்பத்தோடு எல்லை கடக்கும்போது, பயணத்திற்கு முன்பே குறியீட்டை உருவாக்கிக் கொடுக்கலாம். கடப்பிதழ் காலாவதியாகும் தேதியைச் சரிபார்க்கலாம். தாத்தா பாட்டிக்குச் செயலியைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுக்கலாம். கியூஆர் குறியீடு இருந்தாலும் கடப்பிதழை உடன் எடுத்துச் செல்ல வேண்டும் என்று நினைவூட்டலாம். முகப்பை அடைந்த பிறகு பையைத் துழாவும் ஒவ்வொரு நொடியும் பின்னால் இருப்பவரின் நேரம் அல்லவா?

ஓர் எல்லை எவ்வளவு சிறப்பாக இயங்குகிறது என்பதை, அதை மிக விரைவாகக் கடப்பவரைக் கொண்டு அளவிடுவது பொருந்தாது. வரிசையின் கடைசியில் நிற்பவர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்பதே சரியான அளவுகோல். அவர் நாள்தோறும் விடியுமுன் எழுந்து வேலைக்கு வரும் ஊழியராக இருக்கலாம்; தூக்கக் கலக்கத்தோடு பள்ளிக்கு வரும் மாணவராகவும் இருக்கலாம். அவருக்கு அரை மணி நேரத்தையாவது திருப்பிக் கொடுக்கும் திட்டமே நம் எல்லைக்கு ஏற்ற திட்டம்.