ஸ்டேக்குக்குத் தோசைக்கல் போதும்

புதுச்சேரியில் ஸ்டேக் சாப்பிட வேண்டுமென்றால் எல்லோரும் கை காட்டுவது கடற்கரைப் பக்கத்து ஒயிட் டவுனைத்தான். கதிர்காமத்துக்காரர் பஸ் பிடித்துப் போய், வாயில் நுழையாத பெயர் கொண்ட ரெஸ்டாரண்டில் உட்கார்ந்து, பில்லைப் பார்த்துவிட்டு இன்னொரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் 1954-ல் நிர்வாகத்தை ஒப்படைத்தார்கள். 1962-ல் சட்டப்படியும் எல்லாம் முடிந்தது. ஆனால் "அது அவங்க சமையல், நம்ம அடுப்புல வராது" என்கிற நினைப்பு மட்டும் இன்னும் போகவில்லை!

அதற்கு வேண்டிய முக்கியமான சாமான் நம் வீட்டுப் பரணில்தான் கிடக்கிறது. நான்ஸ்டிக் தவா வந்ததும் ஓரங்கட்டப்பட்ட, கனமான வார்ப்பிரும்புத் தோசைக்கல். காமர்ஸ் பாஷையில் சொன்னால், நான்ஸ்டிக் வருடா வருடம் தேய்மானம் எழுத வேண்டிய சொத்து. தோசைக்கல்லோ பழகப் பழக மதிப்பு ஏறும் சொத்து. எண்ணெய் சூட்டில் இறுகி அதன் மேல் ஒரு மெல்லிய படலமாகிவிடுவதால்தான் பழகிய கல்லில் எதுவும் ஒட்டுவதில்லை.

ஸ்டேக்குக்கு ஏன் இரும்பு? கனமான இரும்பு மெதுவாகச் சூடாகும். ஆனால் பிடித்த சூட்டைச் சுலபத்தில் விடாது. மெல்லிய பாத்திரத்தில் கறியைப் போட்டால் சூடு சட்டென்று இறங்கி, கறி தன் தண்ணீரிலேயே வெந்துவிடும். நான்ஸ்டிக்கை 260 டிகிரிக்கு மேல் சூடாக்கவும் கூடாது. கறியின் மேல்பக்கம் 140 டிகிரியைத் தாண்டும்போதுதான் அந்தப் பழுப்பு நிறமும் மணமும் வேகமாக வரும். 1912-ல் இதை விளக்கிய மையார் ஒரு பிரெஞ்சுக்காரர். ஆனால் தோசை முறுகுவதும் அதே வேதியியல்தான். பேர்தான் அவருடையது, வேலை நம் அம்மாக்களுடையது.

செய்முறை பெரிய ரகசியமில்லை. இங்கே கிடைப்பது பெரும்பாலும் எருமைக்கறி. கொழுப்பு குறைவு, வயதான மாடென்றால் ரப்பர்தான். அதனால் கடையில் 'அண்டர்கட்' என்று கேட்டு வாங்கி, ஒரு அங்குல கனத்தில் வெட்டச் சொல்ல வேண்டும். உப்பு தடவி 40 நிமிடமாவது ஊறவிட்டு, ஈரத்தைத் துணியால் நன்றாக ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம் இருக்கும்வரை மேல்பக்கம் 100 டிகிரியைத் தாண்டாது, முறுகவும் முறுகாது. கல்லில் தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக ஓட வேண்டும். பிறகு ஜன்னலைத் திறந்து வைத்து, எண்ணெய் விட்டு, பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம். உள்ளே 63 டிகிரி வந்ததும் எடுத்து ஐந்து நிமிடம் ஆறவிட்டால் ஆச்சு. வெட்டும்போது சிவப்பாக வடிவது ரத்தமில்லை, மயோகுளோபின் என்ற புரதம் கலந்த தண்ணீர். பயம் வேண்டாம்.

"நல்லா சூட்டுல போட்டா சாறு உள்ளயே பூட்டிக்கும்" என்று ஒரு கதை உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் லீபிக் என்ற ஜெர்மன் வேதியியலாளர் பரப்பியது. தவறு என்று எப்போதோ நிரூபித்துவிட்டார்கள். முறுகல் ருசிக்காக மட்டுமே. சாறு நிற்பது, அதிகம் வேகவிடாமல் எடுக்கும் கையில்தான் இருக்கிறது.

ஒரு சிக்கல் உண்டு. தோசைக்கல்லில் கவிச்சி வைக்கக்கூடாது என்கிற வீடுகள் நிறைய. மாட்டுக்கறி என்றாலே முகம் சுளிக்கும் வீடுகளும் உண்டு. அங்கே சண்டை போட்டு ஜெயிக்க வேண்டியதில்லை. தனியாக ஒரு கல் வாங்கிப் பழக்கிக்கொண்டால் போதும். ஒயிட் டவுனில் ஒரு தடவை சாப்பிடும் காசைவிட அதிகம் ஆகாது.

கல் காய்ந்ததா என்று தண்ணீர் தெளித்துப் பார்க்கவும், அவசரப்பட்டுத் திருப்பாமல் இருக்கவும் தெரிந்த எவருக்கும் பாதி ஸ்டேக் தெரியும். மீதிப் பாதிக்கு வேண்டியது நல்ல கறியும் கொஞ்சம் துணிச்சலும்தான். பரணில் ஏறிப் பாருங்கள் :)