அப்பத்தாவின் ஆய்வகம்

சென்ற பருவத்தில் நம் வேதியியல் ஆய்வகத்தில் பெனடிக்ட் சோதனை செய்தோம். 5 மி.லி. நீலக் கரைசலில் 8 துளி குளுக்கோஸ் நீரை விட்டுக் கொதிக்க வைத்தேன். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, முடிவில் செங்கல் நிறமாயிற்று. தாமிர அயனி ஒடுங்கிக் குப்ரஸ் ஆக்சைடாக வீழ்படிகிறது என்று பதிவேட்டில் எழுதிக் கையொப்பமும் பெற்றேன். மாலையில் வீட்டில் இதைச் சொன்னதும் அப்பா சிரித்தார். "இதைப் பன்னெண்டு வயசிலேயே நான் தினமும் செஞ்சவன்" என்று கூறி, பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கினார்.

உள்ளே இரண்டு சோதனைக்குழாய்கள், மரக்கவ்வி, சாராய விளக்கு, கண்ணாடி ஊசிக்குழல், தடித்த எஃகு ஊசிகள். எல்லாம் என் அப்பத்தாவுக்காக வாங்கியவை. 1980-களில் காலைதோறும் சிறுநீரைக் காய்ச்சி நிறம் பார்ப்பது அப்பாவின் வேலை. ஊசிக்குழலையும் ஊசியையும் கொதிநீரில் இடுவது அத்தையின் வேலை. முனை மழுங்கினால் கல்லில் தீட்டுவார்களாம். குளிர்பெட்டி இல்லாத வீடு. இன்சுலின் குப்பி மண்பானையின் குளிர்ச்சியில் இருந்தது. அப்பத்தாவுக்கு எழுத்துத் தெரியாது, நிறம் தெரியும். செங்கல் நிறம் கண்டால் அன்று சோற்றில் ஒரு கரண்டி குறையும்.

பழமைக்குப் பரணி பாட இதை எழுதவில்லை. இரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 180 மி.கி.யைத் தாண்டினால்தான் பெரும்பாலோர்க்கு அது சிறுநீரில் தென்படும். அளவு ஆபத்தாகத் தாழ்ந்தாலும் கரைசல் நீலமாகவே நிற்கும். அப்பத்தா அடுப்படியில் மயங்கி விழுந்த அன்றும் நீலமாகத்தான் இருந்ததாம்! 1970-களின் தொடக்கத்தில் வந்த முதல் இரத்தச் சர்க்கரைமானி ஏறத்தாழ ஒரு கிலோ எடையுடன் மருத்துவர் மேசையில் இருந்தது. இன்று அது உள்ளங்கையில் அடங்குகிறது. ஒரு துளிக் குருதியில், சில நொடிகளில் அளவைச் சொல்கிறது. இது மாபெரும் முன்னேற்றமன்றோ?

ஆனால், எங்கள் வீட்டு மானி மேசை இழுப்பறையில் உறங்குகிறது. அப்பாவுக்கும் இப்போது சர்க்கரை நோய். "ஒவ்வொரு ஸ்ட்ரிப்பும் காசு" என்கிறார். மருத்துவரிடம் போகும்போது மட்டும் இரண்டு நாள் வாயைக் கட்டிவிட்டுச் சோதிக்கிறார். தேர்வுக்கு முதல் நாள் மட்டும் படிக்கும் நம்மைப்போல! மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி சோதனையோ வருகைப்பதிவேடு போன்றது. அது சென்ற மாதம் உண்மையைக் காட்டிக்கொடுத்துவிட்டது. கால் மரத்துப்போகிறது என்றும் இப்போதுதான் சொல்கிறார்.

அப்பத்தாவிடம் குறையுள்ள கருவியும் குறையாத கவனமும் இருந்தன. நம்மிடம் நிறைவான கருவி இருக்கிறது. அதை எடுத்துப் பார்க்கத்தான் ஆளில்லை. இதற்குச் சோம்பல் மட்டுமா காரணம்? விலையும்தான். இன்சுலினைக் கண்டுபிடித்தோர் 1923-இல் அதன் காப்புரிமையை டொராண்டோ பல்கலைக்கழகத்திற்குத் தலைக்கு ஒரு டாலருக்குக் கொடுத்தார்கள். அந்த மருந்தை அளந்து போட உதவும் ஸ்ட்ரிப் ஏழைக்கு எட்டாதிருப்பது முறையா? நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர்க்குச் சர்க்கரை நோய் உள்ளதென 2023-இல் வெளிவந்த ஆய்வு கூறியது. இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஏழைகள் ஒவ்வொருவர்க்கும் மாதந்தோறும் வேண்டிய ஸ்ட்ரிப்புகளை அரசு இலவசமாக வழங்க வேண்டும் என்பது என் கருத்து.

மாணவத் தோழர்களே, அதுவரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. நம்மில் பலர் வீட்டில் ஒரு மானி உறங்குகிறது. மருத்துவர் சொன்ன நாள்களில் அதை எடுத்துப் பெரியவர்களின் விரலைப் பிடிப்போம். எங்கள் வீட்டில் அந்த வேலை இப்போது என்னுடையது. அளவைக் குறிக்க ஒரு பழைய ஆய்வகப் பதிவேட்டை எடுத்திருக்கிறேன். அதில் கையொப்பமிடுபவர் அப்பா.