விழாவும் வாக்கும்

விழா என்பது காட்சியா, கடனா? சார்டீனியாத் தீவின் கல்யாரி நகர் இதற்கு விடை தருமென்பேன். 1652இல் கொள்ளைநோயால் நலிந்த அந்நகர மன்றத்தார், நோய் நீங்கினால் புனித எபீசியோவின் திருச்சொரூபத்தை, அவர் உயிர்துறந்ததாகக் கூறப்படும் நோரா வரை ஆண்டுதோறும் பவனியாகக் கொண்டு செல்வதாக நேர்ந்தனர். 1657 தொடக்கம் மே மாதப் பிறப்பில் அக்கடன் தீர்க்கப்படுகிறது.

இன்று மலர்தூவிய வீதியும், அலங்கரித்த எருதுவண்டிகளும், ஊருக்கோர் உடையுமாக விளங்கும் அவ்வசந்த விழாவைக் காணப் பிறநாட்டாரும் திரள்கின்றனர். ஆயின், 1943இல் குண்டுவீச்சால் நகர் இடிந்து கிடந்தபோது சொரூபம் ஒரு லொறியிலே சென்றது. 2020இல், கொரோனாத் தொற்றின்போது, திரளின்றியே சென்றது. ஆடம்பரம் அகன்ற அவ்வாண்டுகளிலேதான் விழாவின் உயிர் வெளிப்பட்டது என்பது என் துணிபு. காண்போர் இல்லாவிடினும் நடப்பது எதுவோ, அதுவே விழா, மற்றையது வேடிக்கை.